பணியாளர்கள் தயவுசெய்து படியில் செல்லவும்

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. மடியில் பத்துப் போஸ்டர்களின் சுருள். ஒவ்வொன்றிலும் மர அச்செழுத்தில், சிவப்பு மையில், நானே அச்சடித்த இரண்டு சொற்கள்: அனைவரும் சமம்.

முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. குடியரசு தின விழாவுக்காகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டிருந்த போஸ்டர்கள். அவர் வீடு ஆறாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. நன்றாகவே ஓடிக்கொண்டும் இருந்தது. நான்தான் படியேறிக்கொண்டிருந்தேன்.

காரணம் வாச்மேன் ஏழுமலை. மை அப்பிய என் சட்டையையும் அக்குளில் இருந்த சுருளையும் ஏற இறங்கப் பார்த்தார். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அறிவிப்பைத் தடியால் தட்டிக் காட்டினார்.

"போர்டுல இன்னா போட்டுகீது? படி."

படித்தேன். "பணியாளர்கள் தயவுசெய்து படியில் செல்லவும்."

"அவ்ளோதான். படின்னு போட்டுகீதா? படில போ."

நான் பணியாளன் இல்லை, அச்சகக்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அறிவிப்பின் நான்கு பக்கமும் இருந்த பூ பார்டர் கண்ணில் பட்டது. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். பாடிப் பகுதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் என்னுடைய அச்சகத்தின் பெயர்.

வாயை மூடிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.

எனக்கு ஒரு வியாதி

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "எல்லா வாரமும் உங்களைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொள்கிறீர்களே, கை வலிக்கவில்லையா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

சமூகநீதிப் போஸ்டர் என்றால் எங்கள் பக்கத்தில் என்னைத்தான் தேடி வருவார்கள். தனித் தம்ளர் கூடாது என்று அடித்திருக்கிறேன். சாக்கடைக்குள் மனிதனை இறக்காதே என்று அடித்திருக்கிறேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சுவர்களில் என் எழுத்து இருக்கிறது. இப்போது ஐடி கம்பெனிப் பிள்ளைகளும் வந்து, ஹாலில் மாட்டுவதற்கு ஒன்று கேட்கிறார்கள். சிவப்பு மை சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வீட்டில் கேட்கிறார்கள். நானும் பொருந்தும் என்றுதான் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அதைத் திருத்தாமல் அச்சேற்ற மாட்டேன்.

ஒருமுறை ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். தன் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டும் என்றார். முடியாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். என் பேச்சில் மயங்கியோ, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாலோ, மனிதர் ஒத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. பட்டத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, எல்லாப் பத்திரிகையிலும் குத்திவிட்டிருந்தார். அதுவும் கொஞ்சம் சாய்வாக. பந்தியில் உட்கார்ந்தவன் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தச் சாய்வைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "ஸ்டாம்ப் அடிச்சதுக்குக் கோபமா, கோணலா அடிச்சதுக்குக் கோபமா?" என்று என் மனைவி வசந்தா கேட்டாள். பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு சொல்லைத் திருத்திய வீரன்

அந்த லிஃப்ட் அறிவிப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. அதை அடித்துக் கொடுத்த காலத்தில் அது என் வீரக்கதைகளில் ஒன்று.

செயலாளர்தான் அச்சகத்துக்கு வந்தார். திருச்சிப் பக்கத்து மனிதர், ஐடி கம்பெனியில் மேனேஜர், மென்மையான பேச்சு. ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது" என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "வேலைக்காரர்களா? என்ன சார் சொல் இது? அவங்களுக்கு மரியாதை கிடையாதா? உழைக்கிறவங்க சார்!" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. பக்கத்துப் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள். செயலாளரின் முகம் சிவந்துபோயிற்று.

"தப்புதான் சார். நான் யோசிக்கல. நீங்களே நல்லா மாத்திக் குடுத்துடுங்க," என்றார்.

மாற்றினேன். வேலைக்காரர்கள் பணியாளர்கள் ஆனார்கள். "கூடாது" கடுமையாக இருக்கிறது என்று "தயவுசெய்து" போட்டேன். பூ பார்டர் கட்டினேன். தாள் வேண்டாம், அட்டையில் அடித்தால்தான் மரியாதை என்று அதையும் நானே முடிவு செய்தேன். ஆவடியில் ஒரு கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது கைதட்டல் அடங்கவில்லை. பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

கைதட்டியவர்களில் ஒருவருக்காவது, மேடையில் நின்ற எனக்காவது, லிஃப்டில் ஏறக் கூடாது என்கிற சமாசாரம் அப்படியே இருக்கிறதே என்று தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மூச்சு வாங்கும் இடம்

படியில் எனக்குத் துணை இருந்தது. அதே படியில், சுவரில் சாய்ந்து, வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐந்தாவது, ஆறாவது மாடிகளில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள்.

"நல்லா குந்துண்ணா. இதான் நம்ம ஸ்டாப்பிங்கு. நான் டெய்லி இங்க குந்திட்டு தான் போவேன்."

"தினமும் படியா?"

"பின்ன? முட்டி தேஞ்சு பூட்ச்சு, படியே ஏறாதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஏறலன்னா மூணு ஊட்டு வேலையும் பூடும். லேட்டா வர்றேன்னு அஞ்சாவது மாடி அம்மா அடுத்த மாசம் வேற ஆளு பாக்கறேன்னுட்டாங்க. நான் இன்னா வேணும்னா லேட்டா வர்றேன்? இங்க குந்திகினு கீறேன்."

நான் நகர்ந்து, அவள் காலை நீட்ட இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன்.

"முன்னாடி இப்டி இல்லண்ணா. நோட்டுப் பேப்பர்ல ஸ்கெட்ச் பென்னுல கிறுக்கி ஒட்டிகினு இருந்தாங்க. அத்த எவன் மதிச்சான்? ஏழுமலை அண்ணனே கண்டுக்காது. நாங்க பாட்டுக்கு லிப்ட்ல போய்கினு வந்துகினு இருந்தோம். எவனோ ஒரு புண்ணியவான் பூவு கீவெல்லாம் போட்டு, கண்ணாடி போட்டு மாட்றா மாதிரி அடிச்சுக் குடுத்தான் பாரு, அன்னிலேர்ந்து வந்துச்சு வினை. பாத்தா கவர்மெண்ட் ஆர்டர் கணக்கா கீது. ஏழுமலை அண்ணன் பயந்துச்சு. அந்த ஆளு மட்டும் கைல கெடைச்சான்..."

கிடைத்தால் என்ன செய்வாள் என்பதை அவள் விவரமாகவே சொன்னாள். பத்திரிகையில் போட முடியாது.

நான் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. மேலே இருந்த போஸ்டரின் ஓரம் மடங்கி, "சமம்" வெளியே தெரிந்தது. செல்வி குனிந்து பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள், கண்ணும் கூர்மை.

"இந்த ம் மேல புள்ளி பாதி தான் கீது."

"பழைய எழுத்து, கொஞ்சம் தேஞ்சிருக்கும்," என்றேன்.

"அந்த போர்டுல 'செல்லவும்'னு போட்டுகீதே, அதுலயும் பாதி புள்ளி தான்."

அந்த நேரத்தில் மட்டும் காலில் தெம்பு இருந்திருந்தால் மிச்சப் படியை ஓடியே ஏறியிருப்பேன். அவள் என் விரல் நகங்களில் இருந்த கறுப்பைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ தானா அது?"

"சொல்லை மாத்தினேன்மா. மொதல்ல வேலைக்காரர்கள்னு இருந்துச்சு. நான்தான் பணியாளர்கள்னு..." என்று இழுத்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பணியாளரா ஆனா முட்டி வலிக்காதாண்ணா?"

அதற்கு மேல் ஒரு விஷயம் சொன்னாள். செயலாளர் வீட்டு ஹாலில் ஏற்கெனவே என்னுடைய "அனைவரும் சமம்" ஒன்று பெரிய சட்டத்தில் மாட்டியிருக்கிறதாம். "டெய்லி ஆறு மாடி ஏறிப் போயி அத்தத் தொடைக்கிறதே நான் தான்," என்றாள்.

சமூகநீதி எந்த மாடி?

லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட வேறொரு போஸ்டர் அடித்துத் தருகிறேன் என்று செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் போஸ்டர்களை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் வேலை முடிந்ததும் அவள் பஸ் பிடித்து அச்சகத்துக்கே வந்துவிட்டாள். நான் அதற்குள் வாசகம் தயாராக எழுதி வைத்திருந்தேன். குற்ற உணர்ச்சி எனக்கு எப்போதும் நீளமான வாக்கியமாகத்தான் வரும். "சமூகநீதியின் பேரொளி மின்தூக்கியிலும் படரட்டும்!" என்று கணீரென்று படித்துக் காட்டினேன்.

"மின்தூக்கின்னா?"

"லிஃப்ட்."

"அத்தப் பாத்தா யாராச்சும் கரண்டு ஆபீஸு போர்டுன்னு நெனைப்பாங்க. சமூகநீதி எந்த மாடிண்ணா? நான் அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் போவணும், அத்த மட்டும் போடு."

அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "அனைவரும் இந்த லிஃப்டில் ஏறலாம்" என்று எழுதினேன். சுருக்கமாக, அழகாக இருந்தது.

"அனைவரும் வேணாம். அனைவரும்னு தான் ஹால்ல மாட்டிகினு கீறாங்களே. அவங்கள்லாம் சேர்ந்து தான் அனைவரும்னு நெனைச்சுக்கறாங்க. வேலை செய்யற நாங்கன்னு போடு. அப்பால இன்னாது அது, ஏறலாமா? யாரு குடுத்த 'லாம்' அது? ஏறுவோம்னு போடு."

இத்தனை வருடமாக மற்றவர்களின் வாசகத்தைத் திருத்தியவன் நான். என் வாசகத்தில் ஒருவர் இப்படிக் கை வைத்து அதுவரை பார்த்ததில்லை. வசந்தா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்று ரசித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குவோம்னும் போடச் சொல்லு செல்வி. இவர் ஏத்தி விட்டுட்டு மறந்துடுவாரு," என்றாள்.

எழுத்துக் கோக்கும்போதுதான் சிக்கல். லிஃப்ட் என்று போட ஆய்த எழுத்து வேண்டும். பெரிய மர எழுத்தில் என்னிடம் ஆய்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாருமே கேட்காத எழுத்தாயிற்றே என்று, காற்றில் ஜன்னல் அடிக்காமல் இருக்க நானே அதை முட்டாக வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து, மூன்று புள்ளியும் மூன்று திசைக்கு வெடித்துக் கிடந்தது.

"வெளியில சொல்லி வெச்சு ஒண்ணு வாங்கிடறேன். பத்து நாள் பொறுத்துக்கோ," என்றேன்.

"பத்து நாளா? அந்த மூணு புள்ளிக்கோசரம் நான் இன்னும் பத்து நாள் ஏறணுமா? நாங்க லிப்ட்டுன்னு தான் சொல்றோம். அப்டியே அடி."

அடித்தேன். மஞ்சள் தாளில், கறுப்பு மையில், இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில்.

வீட்டு வேலை செய்யும் நாங்களும் இந்த லிப்ட்டில்தான் ஏறுவோம், இறங்குவோம்.

பூ பார்டரும் கட்டினேன். அது செல்வி கேட்டது. "முன்ன போட்டியே, அதே பூவு. அதுக்கு தான் ஏழுமலை அண்ணன் பயப்படும்."

கொள்கையளவில் ஆட்சேபணை இல்லை

மறுநாள் காலை ஒன்பது மணி. செல்வியோடு சேர்த்து ஐந்து பெண்கள். ஒருத்தி கையில் தூக்குவாளி நிறைய மைதாப் பசை. நானும் போயிருந்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து பேருக்கும் அன்றே வேலை போய்விடும். எனக்குப் போவதற்கு மானத்தைத் தவிர ஒன்றுமில்லை, அதுவும் படியிலேயே போய்விட்டது.

பழைய கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே பசையைத் தடவி ஒட்டினார்கள். ஏழுமலை தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துப் படித்தார். கடைசி வரை படித்துவிட்டு, அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். தடியோடு ஓரமாக நகர்ந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. ஆபீஸ் பையோடு செயலாளர் வெளியே வந்தார். போஸ்டரைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"சார், நீங்களா? நீங்கதானே அதை மாத்திக் குடுத்தீங்க?"

நான் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். மன்னிப்பில் தொடங்கி மனித மாண்பில் முடியும் பேச்சு. தொண்டையைச் செருமினேன்.

அவர் முந்திக்கொண்டார். "கொள்கையளவில் எனக்கு ஆட்சேபணையே இல்ல சார். என் வீட்டு ஹாலைப் பாத்திருக்கீங்கல்ல. ஆனா இது என்ன? லிப்ட்டா? ஆய்தம் எங்க? குழந்தைங்க படிக்கிற இடம் சார். தப்பு தப்பா ஒட்ட விட முடியாது."

அங்கேதான் நான் விழுந்தேன்.

கொள்கையைச் சொல்லியிருந்தால் கொள்கையைப் பேசியிருப்பேன். மனிதர் என் எழுத்தில் கை வைத்துவிட்டார்! "தப்பு இல்ல சார். வேற மொழிச் சொல்லை நம்ம வாயில வர்ற மாதிரி எழுதறது தமிழ் வழக்கம்தான்," என்றேன்.

"அப்ப பக்கத்து பிளாக்ல மட்டும் ஆய்தத்தோட போட்டிருக்காங்களே?"

"அது கம்ப்யூட்டர் எழுத்து சார். தட்டினா வரும்."

"சரி, ஆய்தம் வேண்டாம்னே வெச்சுக்குவோம். லிப்ட்டில் எதுக்கு இன்னொரு ட்?"

"ஒற்று இரட்டிக்கும் சார்!"

"எந்த விதிப்படி?"

எந்த விதிப்படி என்று எனக்கும் சத்தியமாகத் தெரியாது. ஆனால் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். அவருடைய பை கீழே இறங்கியது. செல்போனை எடுத்து அகராதியில் தேட ஆரம்பித்தார். நான் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். லிஃப்டுக்கு எத்தனை ட் என்று இரண்டு பேர் காலை வேளையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். எதற்கு வந்தேன் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

எத்தனை நேரம் போயிற்றோ, செயலாளர்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அவங்கல்லாம்?"

பசை வாளி மட்டும் சுவரோரமாக இருந்தது. லிஃப்ட் மூடியிருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கில் 6 என்று எரிந்தது.

"அவங்க மேல பூட்டாங்க சார்," என்றார் ஏழுமலை.

"நீங்க ஏன் விட்டீங்க?"

ஏழுமலை தடியை எடுத்துப் போஸ்டரைத் தட்டிக் காட்டினார். "ஏறுவோம்னு போட்டுகீதே சார். போர்டுல இன்னா போட்டுகீதோ அதும்படி தான் வுடணும்னு நீங்க தானே சொன்னீங்க?"

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மேலேயிருந்து அவர் மனைவி பேசினார், குரல் எனக்கே கேட்டது. "ஏங்க, செல்வி இன்னைக்கு இவ்ளோ சீக்கிரமா வந்துட்டா! தினமும் இப்படியே வந்தா எவ்ளோ நல்லாருக்கும்." செயலாளர், "ம்... வரட்டும். தினமும் வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். போஸ்டரைக் கிழிக்கச் சொல்லி அவர் ஏழுமலைக்கு உத்தரவு போடவில்லை.

நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. எத்தனையோ சுவர்களுக்கு எத்தனையோ பெரிய சொற்களை அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றாவது யாரையாவது ஒரு படி மேலே ஏற்றியதா என்று எனக்குத் தெரியாது. இது ஐந்து பேரை நோகாமல் மேலே கொண்டுபோய் விட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

"இருந்தாலும் சார்," என்று செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், "அந்த ரெண்டாவது ட்..."

"அதுக்குத்தான் வர்றேன்," என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

லிஃப்ட் திறந்தது. செல்வி குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவள், உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

"இன்னாண்ணா, இன்னும் கீழயே குந்திகினு கீறீங்க?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள். கதவு மூடிக்கொண்டது.